நாரும் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும்: உம்மாவின் வயிற்று வருத்தத்தில் நாங்கள் படித்தவை



இது வயிறும் கழிப்பறையும் சம்பந்தப்பட்ட பதிவு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். ஷஃபான் பிறந்துவிட்டது, நோன்புக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இந்த நேரத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு, அது கீழே வரும்.

எங்கள் உம்மாவுக்கு 67 வயது. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எண்ட பேரப் போடாம மத்ததெல்லாம் எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சென்ற வருடம் நோன்பின் கடைசிப் பத்தில் உம்மாவுக்கு இடது அடிவயிற்றில் வலி தொடங்கியது. சொன்னால் நோன்பை விடச் சொல்லுவோம் என்று இரண்டு நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தராவீஹுக்கும் நின்றார். மூன்றாம் நாள் சஹருக்கு எழுப்பப் போனபோது உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் சோதித்து, சீ.ரீ. ஸ்கேன் எடுத்து, ஒரு பெயர் சொன்னார்கள்: டைவெர்டிகுலைடிஸ். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் கேள்விப்படாத பெயர். அன்றிலிருந்து அந்த வருட நோன்பில் ஒன்பது கழாவாகிப் போனது. உம்மா அழுதது வலிக்கல்ல, அந்த ஒன்பதுக்குத்தான்.

இது என்ன வருத்தம் என்று முதலில் சொல்கிறோம். சமிபாட்டுத் தொகுதியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பெருங்குடல் என்பது தசையால் ஆன ஒரு குழாய். அந்தத் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு சின்ன இரத்தக்குழாய்கள் உள்ளே போகும். போகிற இடங்களில் சுவர் கொஞ்சம் பலவீனம். வயது போகப் போக, குடலுக்குள் அழுத்தம் கூடும்போது, அந்தப் பலவீனமான இடங்களில் உட்சவ்வு வெளியே பிதுங்கிச் சின்னச் சின்னப் பைகளாக நிற்கும். பழைய சைக்கிள் ரயரில் நைந்த இடத்தால் ரியூப் வெளியே புடைக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அநேகமான பைகள் ஒரு பட்டாணிக் கடலை அளவுதான் இருக்கும்.

பைகள் இருப்பது மட்டும் பெரிய விஷயமில்லை. மேலைநாடுகளில் அறுபதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவை இருக்கின்றன. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் தெரியவே வராது, வேறு எதற்காவது ஸ்கேன் எடுக்கும்போது கண்ணில் படும். சிலருக்கு அவ்வப்போது அடிவயிற்று வலி, பொருமல், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றோட்டம் என்று தொல்லை தரும். இதைத்தான் டைவெர்டிகுலர் நோய் என்கிறார்கள். இன்னும் குறைவானவர்களுக்குத்தான் அந்தப் பையில் அழற்சி வந்து காய்ச்சலும் கடும் வலியும் உண்டாகும். அதுதான் டைவெர்டிகுலைடிஸ். அது முற்றினால் சீழ்க்கட்டி வரலாம், குடலில் ஓட்டை விழலாம். வேறு சிலருக்கு வலியே இல்லாமல் மலத்தோடு இரத்தம் போகும்.

இன்னொரு விஷயம். வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பைகள் அநேகமாகக் குடலின் இடப்பக்கம் வரும். ஆசிய நாட்டவர்களிடம் வலப்பக்கம் வருவது கூடுதல். வலப்பக்கம் வந்தால் அப்பென்டிக்ஸ் வலி மாதிரியே இருக்கும். ஆகவே "எனக்கு அப்பென்டிக்ஸ் எடுத்தாச்சு, இனி இந்தப் பக்கம் ஒன்றும் வராது" என்று வலியை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உம்மாவுக்கு ஊசிமருந்து ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர், வடித்த சூப், வெறுந்தேநீர் மட்டும். பிறகு குழைந்த வெள்ளை அரிசிக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். வரும்போது சொன்னது: கொஞ்ச நாளைக்கு நார் குறைந்த, மென்மையான சாப்பாடு, பிறகு மெல்ல மெல்ல நாரைக் கூட்டுங்கள், ஆறு கிழமைக்குப் பிறகு கொலனோஸ்கோபி ஒன்று பார்ப்போம்.

இந்தப் பேச்சின் முதல் பாதிதான் ஊருக்குள் பரவியது. நோய் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பட்டியலோடு வந்தார்கள். சாச்சி சொன்னார், கொய்யாப்பழம் கூடாது, விதை பையில் மாட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு ராத்தா, தக்காளியும் வெள்ளரிப்பழமும் கூடாது என்றார். ஒருவர் எள்ளு நஞ்சு என்றார். இன்னொருவர் கச்சான், கடலை, பயறு எல்லாவற்றையும் வெட்டினார். கீரை செமிக்காது என்றார்கள். தவிட்டரிசி குடலைச் சுரண்டும் என்றார்கள். எல்லாமே அன்பில் சொன்னவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சியது வெள்ளைச் சோறும் மீன் பாலாணமும் பாணும் தேயிலையும் மட்டும்தான்.

உம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கவளத்தையும் கிளறிப் பார்ப்பார். செத்தல் மிளகாய் விதை ஒன்று கண்டால் தட்டைத் தள்ளிவிடுவார். சாப்பிட்டால் வலிக்கும் என்று சாப்பாட்டைக் குறைத்தார், சாப்பாடு குறைந்ததால் மலம் இறுகியது, மலம் இறுகியதால் வலித்தது, வலித்ததால் இன்னும் குறைத்தார். இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டது. கொலனோஸ்கோபியில், அல்ஹம்துலில்லாஹ், பைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. கிளினிக்கில் டொக்டர் நிறையைப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். உம்மா சொல்லச் சொல்ல அவர் பேனையை வைத்துவிட்டார். "உங்கட குடல் சுகமாகிட்டு. இப்ப உங்களுக்கு வருத்தம் சாப்பாடு இல்லாததுதான்" என்றார்.

அன்று அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது விதைக் கதை. இந்தப் பயம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுவதும் டொக்டர்மாரே பல தசாப்தங்களாக இதைச் சொல்லி வந்தார்கள். விதையும் கொட்டையும் பைக்குள் போய் அடைத்துப் புண்ணாக்கும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 47,228 ஆண்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். கொட்டை வகைகளும் சோளப்பொரியும் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கு டைவெர்டிகுலைடிஸ் கூடுதலாக வரவில்லை. சொல்லப்போனால் குறைவாகவே வந்தது. 2019 இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் விதை, கொட்டை, பழத்தோல் இவற்றைத் தவிர்க்கத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

ஒருவருக்கு ஒரு சாப்பாடு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அப்படியானால் அதை மட்டும் விடலாம். மற்றவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக நாம் விடத் தேவையில்லை.

இரண்டாவது நார்க் கதை. இதுவும் மாறி மாறி வந்த கதைதான். ஒரு காலத்தில் இந்த நோய்க்காரருக்கு நார் கூடாது என்றே மருத்துவம் சொன்னது. உகண்டாவில் நீண்டகாலம் வேலை செய்த டெனிஸ் பேர்க்கிற் என்ற அயர்லாந்து சத்திரசிகிச்சை வைத்தியர், அங்கே தானியமும் கிழங்கும் கீரையுமாகச் சாப்பிடும் மக்களிடம் இந்த நோய் அபூர்வமாக இருப்பதைக் கவனித்தார். அவரும் நீல் பெயின்டர் என்பவரும் 1971 இல் ஒரு கட்டுரை எழுதி, தீட்டிய மாவும் நாரில்லாத சாப்பாடும்தான் காரணம் என்றார்கள். அதோடு காற்று மறுபக்கம் திரும்பியது. பிறகு 2012 இல் அமெரிக்காவில் கொலனோஸ்கோபி செய்தவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, நார் கூடச் சாப்பிடுபவர்களுக்கும் பைகள் உண்டாகின்றன என்று காட்டியது. ஆகவே நார் சாப்பிட்டால் பையே வராது என்று சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் பை இருப்பது வேறு, பை வருத்தம் தருவது வேறு. இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் 47,033 பேரைக் கவனித்து 2011 இல் வெளிவந்த ஆய்வில், ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் நார் சாப்பிட்டவர்களுக்கு, 14 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இந்த நோயால் ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து 41 வீதம் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது.

இப்போது முக்கியமான இடம். குழப்பம் எல்லாம் இங்கேதான். அழற்சி வந்து வலியும் காய்ச்சலுமாக இருக்கும்போது நார் குறைவு. அது நாட்கணக்கு. சுகமான பிறகு நார் கூட்ட வேண்டும். அது ஆயுள்கணக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன முதல் புத்தியை வீட்டில் வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேரோ. கால் உடைந்தவருக்கு நடக்க வேண்டாம் என்பார்கள். எலும்பு பொருந்திய பிறகும் அவர் நடக்காமல் இருந்தால் கால் சூம்பிப் போகும். குடலும் அப்படித்தான்.

சரி, 25 கிராம் என்றால் எவ்வளவு? எங்கள் வீட்டில் ஒரு கிழமை குறித்துப் பார்த்தோம். கணக்கெல்லாம் ஏறத்தாழத்தான்.

வெள்ளைப் பாண் ஒரு துண்டில் முக்கால் கிராம். வெள்ளைச் சோறு ஒரு கப்பில் அரை கிராம் அளவு. கோழி, மாடு, மீன், முட்டை எல்லாவற்றிலும் பூச்சியம். காலையில் பாணும் சம்பலும், பகலுக்கு வெள்ளைச் சோறும் இறைச்சியும், பின்னேரம் ரோல்ஸும் பால் தேயிலையும், இரவில் வெள்ளை மா இடியப்பமும் சொதியும் என்று சாப்பிட்டால் 10 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். இது ஏதோ நோயாளி சாப்பாடு அல்ல. எங்களில் பலருடைய நாளாந்தச் சாப்பாடு இதுதான்.

மறுபக்கம் பாருங்கள். அவித்த பயறு ஒரு கப்பில் 15 கிராம். அவித்த கடலை அரைக் கப்பில் 6 கிராம். கௌப்பி அரைக் கப்பில் 5 கிராமுக்குக் கொஞ்சம் கூட. தவிடு நீக்காத அரிசிச் சோறு ஒரு கப்பில் 3 கிராம். நடுத்தர வற்றாளங்கிழங்கு ஒன்றில், தோலோடு அவித்தால், 4 கிராம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராம். வாழைப்பழம் ஒன்றில் 2 முதல் 3 கிராம். மூன்று ஈத்தம்பழத்தில் 2 கிராம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கங்குன் எது கிடைத்தாலும் ஒரு கைப்பிடிச் சுண்டல் தினமும் தட்டில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பாக இருக்கும் அரிசியெல்லாம் தவிட்டரிசி ஆகாது. சிவப்பரிசியையும் மில்லில் நன்றாகத் தீட்டிவிட்டால் தவிடு போய்விடும், நிறத்தின் சாயல் மட்டும் மிஞ்சும். வாங்கும்போது அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். வெள்ளைக் கோடுகளும் திட்டுகளும் நிறைய இருந்தால் தீட்டியது. பிரவுண் பாணும் அப்படித்தான். சிலவற்றில் நிறம் மட்டுமே வேறு. முழுக் கோதுமையா என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். இவ்வளவு நல்லதா என்று நாளைக்கே ஒரு கப் பயறும் இரண்டு கொய்யாவும் சாப்பிட்டால் வயிறு மேளம் போல ஆகிவிடும். குடலில் இருக்கும் பற்றீரியாக்கள் நாரைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. பழக்கமில்லாத அளவு திடீரென்று போனால் பொருமலும் வலியும் வரும். வந்ததும், "பார்த்தியா, நார் ஒத்துக்கல்ல" என்று பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவோம்.

உம்மாவுக்கு நாங்கள் செய்தது இதுதான். முதல் கிழமை ஒன்றே ஒன்று: பகல் சோற்றில் கால்வாசி தவிட்டரிசி கலந்தோம். இரண்டாம் கிழமை நன்றாகக் கனிந்த பப்பாசிப்பழம் சேர்த்தோம். மூன்றாம் கிழமை காலையில் இரண்டு மேசைக்கரண்டி அவித்த பயறு. நான்காம் கிழமை முருங்கையிலை பொடியாக அரிந்து சுண்டல். பிறகு குரக்கன் ரொட்டி. பயறையும் கடலையையும் இரவே ஊறப் போட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வாயுத் தொல்லை குறையும். கொய்யாவுக்கு உம்மா ஒத்துக்கொள்ள மூன்று மாதம் ஆனது. முதல் நாள் ஒரு கீற்று தின்றுவிட்டு இரவு முழுக்க வயிற்றில் கைவைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மிச்சப் பாதியைக் கேட்டார்.

பலன் இரண்டு நாளில் தெரியாது. பல கிழமைகள் பிடிக்கும். உம்மாவுக்கு இரண்டாம் மாதம்தான் கழிப்பறை நேரம் சீரானது. இறங்கிய ஏழு கிலோவில் ஐந்து திரும்பியிருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் கூட்டினால் பாதகமாகவும் முடியும். நார் தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மென்மையாக்குகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு நிற்கும். பாமசியில் விற்கும் இசப்கோல் உமியும் அப்படித்தான். டொக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு குடிக்க வேண்டும், படுக்கப் போகிற நேரத்தில் எடுக்கக் கூடாது. இருதய, சிறுநீரக வருத்தத்துக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தண்ணீர் என்றதும் ஆசிரியைகளாக ஒன்று சொல்லாமல் போக முடியாது. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் போனால் இரண்டு மணிவரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத ஆசிரியைகள் எங்களில் நிறையப் பேர். தாகம் இல்லாமல் அல்ல, பாடசாலைக் கழிப்பறைக்குப் போகப் பயந்து. பெண் பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள். வந்த மலத்தை அடக்கி அடக்கி, பிறகு முக்கி முக்கிப் போகும் பழக்கம் தரம் 6 இலேயே தொடங்கிவிடுகிறது. பழைய மாணவர் சங்கங்கள் வரவேற்புக் கோபுரம் கட்டக் காசு சேர்க்கும்போது, கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் உள்ள நான்கு கழிப்பறைகளை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கென்டீனில் ரோல்ஸுக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் ஒரு தட்டு இருந்தால் பிள்ளைகள் வாங்குவார்கள். நாங்கள் வைத்துப் பார்த்தோம், இடைவேளை முடிய முன்னமே தட்டு காலி.

இறைச்சி. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்க ஆண்களைக் கவனித்த அதே ஆய்வுத் தொடரில், மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி கூடச் சாப்பிட்டவர்களுக்கு டைவெர்டிகுலைடிஸ் கூடுதலாக வந்தது 2018 இல் வெளியானது. விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் இறைச்சித் துண்டு ஒன்று குறையட்டும், மரக்கறியும் அச்சாறும் கொஞ்சம் கூடட்டும். உழ்ஹிய்யா இறைச்சியை ஃப்ரிஜ்ஜில் அடுக்கி மூன்று மாதம் தினமும் சமைப்பதைவிட, தூரத்து ஏழை வீட்டுக்கு இன்னும் ஒரு பங்கு போகட்டும். நன்மையும் கிடைக்கும், குடலும் தப்பும். வயிற்றில் மூன்றில் ஒன்றைச் சாப்பாட்டுக்கும் ஒன்றைத் தண்ணீருக்கும் ஒன்றை மூச்சுக்கும் விடச் சொன்ன நபிவழி நமக்குத் தெரியாததா?

சிகரெட்டும் உடற்பருமனும் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. உடல் அசைந்து வேலை செய்வது குறைக்கிறது. அஸருக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் நடப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. வயிறு வலிக்கிறது என்று பாமசியில் போய், "ஸ்ட்ரோங்கா ஒண்டு தாங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. டைக்ளோபினாக், புரூபன் போன்ற மாத்திரைகளும், கோடின், டிரமடோல் போன்ற பலமான வலி நிவாரணிகளும் இந்த நோய்க்காரருக்குக் குடலில் ஓட்டை விழும் ஆபத்தைக் கூட்டலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். மூட்டு வலிக்கு எடுக்கும் மாத்திரையும் இதில் சேரும். உம்மாவுக்கு முழங்கால் வலிக்குப் பனடோல்தான் டொக்டர் அனுமதித்தார். ஆனால் இருதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது, டொக்டரிடம் கேளுங்கள்.

இனி நோன்பு. ஆரம்பத்தில் சொன்ன காரணம் இதுதான்.

இந்த நோய் உள்ள வயதானவர்கள் நம் வீடுகளில் வலியை மறைக்கிறார்கள். நோன்பு போய்விடும் என்ற பயம். அந்த ஆசையை நாம் மதிக்க வேண்டும். அதேநேரம் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான், சூரத்துல் பகராவில் இருக்கிறது. நோற்கவே இயலாத நிலையில் இருப்பவருக்கு ஃபித்யா இருக்கிறது. சலுகையை எடுப்பது ஈமான் குறைவல்ல. இதை மகன் சொன்னால் உம்மா கேட்கமாட்டார். எங்கள் உம்மாவும் கேட்கவில்லை. பள்ளி மௌலவியை வீட்டுக்கு அழைத்து வந்து சொல்லச் சொன்னோம். "டொக்டர் வேணாம் எண்டால் அந்த நாளைக்கு அதுதான் உங்களுக்கு மார்க்கம், உம்மா" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அமைதியானார்.

நோய் அமைதியாக இருக்கும் காலத்தில் நோற்கலாமா என்பதை ஒவ்வொருவரும் தங்கள் டொக்டரிடம் கேட்க வேண்டும். அதுவும் நோன்புக்கு முந்திய நாள் அல்ல, இப்போதே. உம்மாவுக்கு அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு: வலியோ காய்ச்சலோ வந்தால் அந்த நிமிடமே திறக்க வேண்டும், மறைக்கக் கூடாது. திங்களும் வியாழனுமாக அந்த ஒன்பது கழாவில் ஐந்தை நோற்றுவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். மீதி நான்கையும் ஷஃபான் முடிய முன் நோற்க நிய்யத்து வைத்திருக்கிறார்.

சாப்பாட்டை இப்படி ஒழுங்கு செய்திருக்கிறோம். நோன்பு திறக்க மூன்று ஈத்தம்பழம், தண்ணீர். நோன்புக் கஞ்சியை நிறுத்தவில்லை, வெள்ளை அரிசிக்குப் பதில் தவிட்டரிசிக் குறுணலும் ஒரு கைப்பிடி பயறும் முருங்கையிலையும் சேர்க்கிறோம். உம்மா மட்டுமல்ல, பிள்ளைகளும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். சமோசாவும் கட்லட்டும் தட்டில் ஒன்றோடு நிற்கும். மஃரிபிலிருந்து சஹர்வரை தண்ணீர்ப் போத்தல் ஒன்று உம்மாவின் தஸ்பீஹுக்குப் பக்கத்திலேயே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிப்பார். சஹரில் ஒரே மூச்சாக நாலு கிளாஸ் குடிப்பதில் பெரிய பலன் இல்லை. சஹருக்குத் தவிட்டரிசிச் சோறு, பருப்பு, கீரை, எருமைத் தயிர், ஒரு வாழைப்பழம்.

கடைசியாக, இவற்றில் ஒன்று கண்டால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: விடாத அடிவயிற்று வலி, வலியோடு காய்ச்சல் அல்லது நடுக்கம், வயிறு பலகை போல் இறுகுதல், நிற்காத வாந்தி, மலமும் காற்றும் போகாமல் அடைத்தல், மலத்தோடு இரத்தம். இரத்தம் போனால் மூலம்தானே என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். காரணமில்லாமல் நிறை குறைவதும், மலம் போகும் வழக்கம் கிழமைக்கணக்கில் மாறி நிற்பதும் டொக்டரிடம் சொல்ல வேண்டியவை. வேறு பாரதூரமான நோய்களும் இதே முகத்தோடு வரும்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. இது ஒரு வீட்டின் அனுபவமும் வாசிப்பும். உங்கள் வீட்டுச் சாப்பாட்டை மாற்ற முன் உங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் உட்கார்ந்து, "வயிறு எப்படி, வெளிக்குப் போறது சரியா இருக்கா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.

ரமழானை ஆரோக்கியத்தோடு அடையும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.